மகளுக்கு பாங்கில் இண்டர்ன்ஷிப்பாமே!

இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் முடித்த பெண்ணோ பிள்ளையோ வீட்டில் இருந்தால், ஆனி, ஆடி மாதங்களில் 'காம்பஸ்' என்ற வார்த்தை காதில் விழாத நாளே இராது. நாம் படித்த காலத்தில் காம்பஸ் என்றால் ஜியாமெட்ரி பாக்ஸில் வட்டம் போடுகிற சாமான். இப்போது, கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கே வந்து ஆள் பொறுக்கி எடுப்பதற்கு அந்தப் பெயர். அதிலும் வருவது ஒரு பாங்க் என்று தெரிந்துவிட்டால் பெற்றவர்களுக்குத் தனி சந்தோஷம்தான். கவுண்ட்டர், பித்தளை டோக்கன், தடித் தடியான லெட்ஜர் எல்லாம் நம் கண்முன் வந்துவிடும்.

ஆனால் இது அந்த வேலை இல்லை. நாம் பணம் போடுவதும் எடுப்பதும் செல்போனில் அனுப்புவதும் ஒழுங்காக நடக்க, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர் ஏற்பாட்டைக் கவனிக்கிற வேலை. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு கீரைக்காரம்மாகூட கூடையில் ஓர் அட்டையை மாட்டி வைத்திருக்கிறார். அத்தனைக்கும் ஆள் வேண்டாமா? ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் போன்ற வெளிநாட்டு பாங்குகளே சென்னையில் இதற்கென்று பெரிய ஆபீஸ் வைத்திருக்கின்றன. படிக்கும்போதே இரண்டு மாதமோ ஆறு மாதமோ, மாதம் ஒரு தொகை கொடுத்து வேலை பழக்குவதுதான் இண்டர்ன்ஷிப். அவர்களுக்குப் பிடித்துப் போனால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கலாம்.

மதுரைக்கு பாங்கும் இன்ஜினீயரிங் காலேஜும் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை. 1943-ல் பாங்க் ஆஃப் மதுராவை ஆரம்பித்த கருமுத்து தியாகராஜச் செட்டியார்தான் 1957-ல் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் இன்ஜினீயரிங் காலேஜையும் ஆரம்பித்தார். அந்த பாங்க் 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கோடு சேர்ந்துவிட்டது. காலேஜ் இன்றும் இருக்கிறது.

தேர்வு எப்படி நடக்கிறது என்கிறீர்களா? அரியர் இருந்தால் பெரும்பாலும் உள்ளே விடவே மாட்டார்கள். முதலில் கம்ப்யூட்டரில் பரீட்சை: கணக்கு, புத்திக்கூர்மை, புரோகிராம் எழுதுவது. அதில் தேறினால் பாடத்தில் நேர்முகம், கடைசியாக குணம், பேச்சு பார்க்கிற நேர்முகம். காலையில் ஹால் நிறைய இருந்தவர்கள் சாயங்காலம் இரண்டு பெஞ்சுக்குள் அடங்கிவிடுவார்கள். ஜே.பி. மார்கன் பாங்க் 'கோட் ஃபார் குட்' என்று ஒன்று நடத்துகிறது. பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து, 24 மணி நேரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு உபயோகமான புரோகிராம் செய்து காட்ட வேண்டுமாம். சிவராத்திரி மாதிரிதான்!

என் நாத்தனார் மகள் உசிலம்பட்டிக்காரி, எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு கம்பெனிகள் கழித்துவிட்ட பிறகு மூன்றாவதாக ஒரு பாங்க் வந்தது. நேர்முகத்தில் கேட்டார்களாம்: "ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போது பாதியில் மெஷின் நின்றுவிட்டது. கணக்கில் கழிந்துவிட்டது, நோட்டு வரவில்லை. உன் புரோகிராம் என்ன செய்ய வேண்டும்?"

"எங்கம்மாவுக்கே சந்தையன்னிக்கு அப்படி ஆச்சு அத்தை, அதையே நினைச்சுக்கிட்டுப் பதில் சொன்னேன்" என்றாள். ஒன்று முழுசாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிட வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது என்பதுதான் அவள் சொன்ன பதில். புஸ்தகத்திலும் அதுதானாம். (அப்படிப் பணம் மாட்டிக்கொண்டால் ஐந்து நாளுக்குள் பாங்க் திரும்ப வரவு வைக்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2019-ல் உத்தரவு போட்டிருக்கிறது. முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

கம்ப்யூட்டரை நம்மால் சொல்லித் தர முடியாது, வாஸ்தவம். ஆனால் ஆர்.டி., நகைக் கடன், வட்டி, நாமினி இதெல்லாம் நமக்குத் தெரியுமே! நன்றாகப் படிக்கிற பெண்கள் சிலர் பாங்க் வாசற்படியையே மிதித்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொள்வார். அடுத்த தடவை பாஸ்புக்கை அவள் கையில் கொடுத்து அனுப்பிப் பாருங்கள்.

நேர்முகம் சில சமயம் வீட்டிலிருந்தபடியே, கம்ப்யூட்டர் வழியாக நடக்கும். அந்த ஒரு மணி நேரம் குக்கர் வைக்காதீர்கள். ஆடி மாதமானால் அம்மன் கோயில் மைக்செட் வேறு. தெருவுக்கு உள்வாங்கிய அறையாகக் கொடுங்கள். லாப்டாப்பை முன்னமேயே சார்ஜ் ஏற்றி வைத்தால் கரண்ட் போனாலும் பயமில்லை. முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள். காலையில் இட்லி போதும், பூரி வேண்டாம். தோற்று வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

ஆறு மாதம், சென்னையில் என்று உத்தரவு வந்ததும்தான் வீட்டில் பிரச்னை ஆரம்பித்தது. "வயசுப் பிள்ளையத் தனியா அனுப்பச் சொல்றீகளா?" என்று அண்ணன், அதாவது நாத்தனார் வீட்டுக்காரர், ஒரே பிடியாக நின்றார். "மதினி, நீங்க சொன்னாத்தான் அவுக கேப்பாக" என்று நாத்தனார் போனில் அழுகை.

அவர் பயத்தை நான் தப்பென்று சொல்லவில்லை. "நீங்களே கூடப் போய் ஹாஸ்டலைப் பார்த்துட்டு வாங்கண்ணே" என்றேன். பெண்களுக்குத் தொந்தரவு வந்தால் விசாரிக்க, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஆபீஸில் ஒரு குழு இருந்தாக வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. பயிற்சிக்கு வருகிறவர்களும் அதில் அடக்கம். இதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசாங்கம் நடத்துகிற 'தோழி' விடுதிகளில் இடம் உண்டா என்றும் விசாரிக்கலாம். வாடகை, சாப்பாடு, பஸ் போகக் கையில் நிற்பது சொற்பம்தான். அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

அண்ணன் போய்ப் பார்த்தார். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்பது ஒன்றுதான் குறை. மார்கழி கழிந்து, பொங்கல் முடிந்ததும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டோம்.

இன்னொரு விஷயம். ஆர்டர் வந்த செய்தி பரவினதும், 'டெபாசிட் கட்டினால் உங்கள் மகளுக்கும் பாங்கில் இண்டர்ன்ஷிப்' என்று எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு மெசேஜ் வந்தது. காலேஜ் மூலம் முறையாக வருகிறவர்கள் வேலை கொடுக்கப் பணம் கேட்க மாட்டார்கள். காலேஜில் பிளேஸ்மெண்ட் ஆபீசரிடம் கேட்டுவிட்டு எதையும் செய்யுங்கள். அவசரப்பட்டு அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.