உங்களுக்குத் தெரியுமா? புங்கனா, நிலவேம்பா?

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதையொட்டி உருவான நெய்வேலி நகரியத்தில், வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இடம் உண்டு. அங்கே நிழல் மரம் வைப்பதா, மூலிகை வைப்பதா?

நிழலுக்குப் புங்கனே என் தேர்வு. மாசி, பங்குனியில் இலை உதிர்த்தாலும், கத்திரி வெயிலுக்குள் பளபளவென்று புதுத்தளிர் விட்டுக் குடை பிடித்துவிடும். பயறு வகைக் குடும்பத்து மரம் இது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், சத்தில்லாத மண்ணிலும் தழைக்கும். ஆனால் புயலில் சாயக்கூடும் என்பதால் சுவரை ஒட்டி நடக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல், நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்து மரங்களை வேரோடு சாய்த்ததை யார் மறப்பார்?

நிலவேம்புக்கு ஒரு தொட்டி போதும். நாற்பட்டைத் தண்டு, மிளகாய் இலை போன்ற இலை, வெள்ளைப் பூவில் ஊதாத் தீற்றல். விதைத்து மூன்று, நான்கு மாதத்தில், பூக்கத் தொடங்கும்போது அறுப்பார்கள். கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு அப்போது மிகுதி. சித்த மருத்துவத்தின் நிலவேம்புக் குடிநீரில் இது, சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் உட்பட மொத்தம் ஒன்பது சரக்குகள் சேரும். வெறும் இலையைக் கொதிக்க வைத்தால் அது அந்தக் குடிநீர் ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இரண்டில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. நிலவேம்பு அரைநிழலிலும் நன்றாக வளரும், புங்கனடியிலேயே விதைக்கலாம்.