அடிமரத்தில் பொந்து விழுந்த மாமரம்: வெட்டணுமா, வைக்கலாமா?

இந்த வாரக் கேள்வி தாம்பரம் பக்கத்துல இருந்து. வீட்டுக்குப் பின்னாடி தாத்தா வச்ச மாமரம், அடிமரத்துல பெரிய பொந்து. அம்மா "சிமெண்ட் வச்சு அடைச்சிடு"ங்கறாங்க, அப்பா "வெட்டிடு"ங்கறார். யார் சொல்றது சரி?

முதல்ல, பொந்து விழுந்தும் மரம் எப்படிக் காய்க்குது? தண்டோட நடுவுல இருக்கிற வைரம் உயிரில்லாத பகுதி. அது தூண் மாதிரி, தாங்கறதுதான் அதோட வேலை. தண்ணி மேல போறது அதைச் சுத்தி இருக்கிற இளங்கட்டையில. இலை தயாரிச்ச சாப்பாடு கீழ வர்றது பட்டையோட உட்பக்கத்துல. அதனால நடுப்பகுதி போனாலும் மரம் பிழைக்கும்.

ரெண்டாவது, நம்ம காயம் ஆறுற மாதிரி மரத்தோட காயம் ஆறாது. அழுகலைச் சுத்தி மரம் உள்ளுக்குள்ள ஒரு தடுப்பு கட்டிடும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ 1970-கள்ல இதை விரிவா விளக்கினார். சிமெண்ட் வைக்கறதுக்காகப் பொந்தை நல்ல கட்டை தெரியற வரைக்கும் சுரண்டினா, அந்தத் தடுப்பை நாமளே உடைக்கிறோம். மேலும் காத்துல மரம் வளையும், சிமெண்ட் வளையாது. இடுக்குல தண்ணி தேங்கும். ஸோ, சிமெண்ட் வேண்டாம். உதிர்ந்து கிடக்கிறதை மட்டும் கையால அள்ளிட்டு விட்டுடுங்க.

அப்போ அப்பா சொல்றது? அதுக்கு மரத்தைப் பார்க்கணும். அடியில காளான் முளைக்குதா, மரம் புதுசா சாயுதா, வேர்ப்பக்கம் மண்ணு வெடிச்சிருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் வேர் பிடிப்பு போயிருக்கலாம். கீழ குழந்தைங்க விளையாடற இடம்னா தள்ளிப்போடாதீங்க, மரம் தெரிஞ்சவரை உடனே கூப்பிடுங்க.

இது எதுவும் இல்லைன்னா, அறுவடை முடிஞ்சதும் பட்ட கிளைகளையும் வீட்டுமேல சாயற கனமான கிளைகளையும் எடுங்க. கிளை தண்டோட சேர்ற இடத்துல மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதை வெட்டாம, அதுக்கு வெளியே அறுக்கணும். வெட்டின இடத்துல போர்டோ பசை தடவலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணியில, 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டர்ல, பிளாஸ்டிக் வாளியில தனித்தனியா கரைச்சு, அப்புறம் கலக்கணும். இது புது வெட்டுக்கு மட்டும்தான், உள்ள இருக்கிற அழுகலை நிறுத்தாது. தண்டுல ஓட்டையும் கீழ மரத்தூளும் தெரிஞ்சா, அது தண்டுத் துளைப்பான். கொக்கிக் கம்பியை விட்டுப் புழுவை இழுத்து எடுத்துட்டு, களிமண் வச்சு அடைச்சிடுங்க.

கடைசியா, முக்கியமான விஷயம்: பேக்கப் எடுங்க. கொட்டையை நட்டா அதே ருசி வரும்னு உறுதி இல்ல. மரம் நல்லா துளிர்க்கும்போதே கிளைக்குச்சி எடுத்து, நர்சரியில ஒட்டுக் கட்டச் சொல்லுங்க. ஒட்டுச்செடி சில வருஷத்துலயே காய்க்கும், அதுவும் அதே பழம். பழைய மரம் இன்னும் எத்தனை மழைக்காலம் நிக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. கன்னு தயாரா இருந்தா, வெட்டியே ஆகணும்னு ஒரு நாள் வந்தாலும் அந்த ருசி வீட்டை விட்டுப் போகாது.