கரிமண் காயாமல் இருக்க...

வெயில் ஏறினால் போதும், "இந்த வருடமும் புகைமூட்டமா?" என்று கேட்டு அண்டை நாட்டைக் கைகாட்டுகிறோம். நம் சிலாங்கூரின் ராஜா மூசா காட்டிலும் மண்ணுக்குள் தீ கனன்றது உங்களுக்குத் தெரியுமா?

அது பீட் எனும் கரிமண் காடு. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் மண்ணே விறகாகிவிடும். உள்ளே இறங்கிய தீ வாரக்கணக்கில் அணையாது.

2008 முதல் மாநில வனத்துறையும் குளோபல் என்வைரன்மென்ட் சென்டரும் அந்த வாய்க்கால்களை அடைத்து வருகின்றன. ஆய்வாளர்கள் நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்தார் மரக்கன்று வளர்க்கிறார்கள். காட்டோரம் ரோந்தும் போகிறார்கள். மண் காய்வதைக் கருவி சொல்லும். யாரோ வைத்த நெருப்பை முதலில் பார்ப்பது ஊரார் கண்தான்.

காட்டோரம் நிலம் வைத்திருக்கிறீர்களா? சருகைக் கொளுத்தாதீர்கள். புகை கண்டால் உடனே 999-ஐ அழையுங்கள்.