வகுப்பில் கற்றது வேலைக்கு வருவது எப்படி?

பயிற்சி வகுப்பின் கடைசி நாள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஊழியர், சில வாரங்களில் பழைய முறைக்கே திரும்பிவிடுவது பல துறைகளில் காணப்படும் குறை. கற்றதை வேலையில் கையாண்டு, அது நாள்பட்ட பழக்கமாக நிலைத்தால்தான் பயிற்சிக்குச் செலவிட்ட நேரமும் பணமும் பயன் தரும். டிமதி பால்ட்வின், கெவின் ஃபோர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 1988-இல் எழுதிய கட்டுரையில், இதை முடிவு செய்யும் காரணங்களை மூன்றாக வகுத்தனர்: கற்பவரின் திறமையும் ஆர்வமும், பயிற்சி அமைந்த விதம், பணியிடச் சூழல். இவற்றில் மூன்றாவது எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. பயிற்சி கொடுப்பவரின் பொறுப்பு வகுப்பறையோடு முடிந்துவிடுவதே காரணம்.

பயிற்சிக்கு முன்

வேலையில் தெரியும் எல்லாக் குறையும் அறியாமையால் வருவதில்லை. பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறைப்பதால் தொழிலாளர் அதைக் கழற்றி வைத்தால், கண் பாதுகாப்பு பற்றிய வகுப்பு அதைச் சரிசெய்யாது. வேறு கண்ணாடிதான் வாங்க வேண்டும். எனவே வேலை நடக்கும் இடத்துக்குச் சென்று பார்ப்பதும், செய்பவர்களிடமே கேட்பதும் முதல் படி.

பயிற்சிதான் தேவை என்று உறுதியானால், அதன் நோக்கத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுத வேண்டும். ‘பாதுகாப்பு விழிப்புணர்வு பெறுவர்’ என்பது யாராலும் சரிபார்க்க முடியாத நோக்கம். ‘பழுது பார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிடுவர்’ என்று எழுதினால், என்ன கற்பிக்க வேண்டும், பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்ற இரண்டும் தெளிவாகிவிடும்.

நான்கு படி முறை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொழில் அனுபவமே இல்லாத ஏராளமானோரை அமெரிக்கத் தொழிற்சாலைகள் விரைவில் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக 1940-இல் ‘தொழிற்சாலைக்குள் பயிற்சி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. தொழிலாளர் ஒவ்வொருவரையும் வகுப்பில் உட்கார வைப்பதற்குப் பதிலாக, அவர்களுக்குக் கற்பிக்கும் விதத்தைச் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இத்திட்டம். மொத்தம் பத்து மணி நேர வகுப்பு. முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காகச் சார்லஸ் ஆலன் வகுத்த முறையே இதற்கு அடிப்படை.

சூப்பர்வைசர் முதலில் வேலையை முக்கியக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தவறவிடக் கூடாத நுணுக்கத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு நான்கு படிகள். முதலாவது, கற்பவரின் பதற்றத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிவது. இரண்டாவது, ஒவ்வொரு கட்டமாகச் செய்துகாட்டி, நுணுக்கத்தை விளக்குவது. மூன்றாவது, கற்பவரையே செய்யவிட்டு, செய்யும்போதே காரணத்தைச் சொல்லச் சொல்வது. தவறினால் அங்கேயே திருத்துவது. நான்காவது, தனியே வேலையில் அமர்த்தி, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொல்லிவைத்து, அடிக்கடி வந்து பார்த்து, அந்த மேற்பார்வையைப் படிப்படியாகக் குறைப்பது.

தொழிலாளிக்கு வேலை வரவில்லை என்றால் அது கற்பித்தவரின் குறை என்பது இம்முறையின் அடிப்படைக் கொள்கை. 1945-இல் திட்டம் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றனர். போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்ற இம்முறையை டொயோட்டா போன்ற நிறுவனங்கள் தம் அன்றாட நடைமுறையில் சேர்த்துக்கொண்டன.

வகுப்புக்குப் பின்

நான்காவது படி ஏன் இன்றியமையாதது என்பதை மறதியின் இயல்பு விளக்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கற்றது முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது, ஒரே மூச்சில் படிப்பதைவிட நன்றாக நிலைக்கிறது. ஆகவே ஒரே நாளில் எட்டு மணி நேரம் நடத்துவதைவிட, அதையே பல நாட்களுக்குப் பிரித்து, இடையில் வேலையில் செய்து பார்க்க வைப்பது மேல்.

அதற்கு வாய்ப்பும் வேண்டும். புதிய மென்பொருளில் பயிற்சி பெற்றவரின் கணினியில் அது வந்து சேர மூன்று மாதம் ஆனால், பயிற்சி வீண். திரும்பி வந்தவரிடம் கற்றதைப் பற்றி விசாரித்து, அதைப் பயன்படுத்த ஏற்ற வேலையைக் கொடுத்து, தொடக்கத்தில் வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளும் மேலாளர், கற்றதை வேரூன்ற வைக்கிறார். ‘இங்கே அதெல்லாம் சரிவராது’ என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் முழு வகுப்பையும் அழித்துவிடும். அதனால் ஊழியருக்குப் பயிற்சி தரும் முன்பே மேலாளருக்கு அதன் உள்ளடக்கம் தெரிந்திருக்க வேண்டும். அரிதாக மட்டுமே தேவைப்படும் திறமைகளுக்கு மறுபயிற்சி தேவை; விமானிகள் எஞ்சின் கோளாறு போன்ற நெருக்கடிகளைச் சிமுலேட்டரில் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை பழகுவது அதற்காகவே.

பயனை அளப்பது

டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: பங்கேற்றவருக்குப் பயிற்சி பிடித்ததா? கற்றாரா? வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா? நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா? வகுப்பு முடிவில் நிரப்பி வாங்கும் கருத்துப் படிவம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும். மூன்றாவதற்கு, சில வாரங்கள் கழித்து வேலையிடத்தில் நேரில் பார்க்க வேண்டும். கற்றிருந்தும் செய்முறை மாறவில்லை என்றால், அதே வகுப்பை மீண்டும் நடத்துவதில் பொருளில்லை. கருவி, நேரம், வாய்ப்பு, மேலாளரின் ஆதரவு ஆகியவற்றில் எது தடையாக நிற்கிறது என்று கண்டு அதை நீக்குவதே சரியான அடுத்த வேலை.