உங்களுக்குத் தெரியுமா? – ஒருவர் பாவச்சுமையை மற்றொருவர் சுமக்கலாகுமா?

பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை, கோயமுத்தூரின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் இயேசுநாதர் சிலுவையில் மொழிந்த ஏழு திருவசனங்களைக் குறித்துப் பிரசங்கம் நிகழும் வேளையிலேயே, ஒப்பணக்காரத் தெருவின் அத்தார் ஜமாஅத் பள்ளிவாசலில் ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மக்கள் தோளோடு தோள் சேர்ந்து அணிவகுக்கிறார்கள். மனிதனுக்கு ஈடேற்றம் எவ்வாறு கிட்டும் என்ற வினாவோ இரு சாராருக்கும் பொது.

ஆதாமின் மீறுதலால் மானிட வர்க்கம் முழுவதும் பாவத்துக்கு உட்பட்டதென்றும், கிறிஸ்துவின் பலியே அதற்குப் பரிகாரமென்றும், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு கிறிஸ்தவர் விசுவசிக்க, ஆதம் நபியின் தவ்பாவை (மனம் வருந்தி மன்னிப்பு வேண்டுதலை) இறைவன் அப்போதே ஏற்றருளினான் (2:37) என்றும், ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் (6:164) என்றும் திருக்குர்ஆன் போதிப்பதால், ஜென்மபாவம் என்னும் சித்தாந்தத்துக்கே இஸ்லாத்தில் இடமில்லை. ஈஸா நபி (இயேசு) சிலுவையில் அறையப்பட்டார் என்பதையும் திருக்குர்ஆன் மறுக்கிறது (4:157).

இதைக்கொண்டு, இஸ்லாம் நற்கிரியைகளை மாத்திரமே நம்பி நிற்கும் மார்க்கம் எனப் பலர் எண்ணிவிடுகிறார்கள். அது பெரும் பிழை. தம் செயலால் மட்டும் எவரும் சுவர்க்கம் புகார் என்றும், தமக்கும் இறைவனின் கருணையே கதியென்றும் நபிகள் நாயகம் அருளிய செய்தி புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பிலேயே காணக்கிடக்கிறது. இரு சமயத்தாரும் அமர்ந்து அளவளாவத் தகுந்த இடம், சிலுவையைப் பற்றிய தர்க்கத்தைவிட, இந்தக் கருணையே என்பது என் துணிபு.