கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மொன்றியல் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கு என்ன உதவி, யாரால், எப்போது என்பதெல்லாம் 'பிளான் தேன்தெர்வான்சியோன்' எனும் தனியாள் கல்வித் திட்டத்தில் எழுதப்படுகிறது. கியூபெக் கல்விச் சட்டத்தின் 96.14ஆம் பிரிவின்படி, இதைப் பெற்றோரின் துணையோடு தயாரிப்பது அதிபரின் கடமை. திட்டத்தைக் காலத்துக்குக் காலம் மதிப்பிடுவதும், பெற்றோருக்குத் தொடர்ந்து தெரியப்படுத்துவதும் அவர் பொறுப்பே. திட்டக் கூட்டத்தில் பெற்றோர் வெறும் பார்வையாளர் அல்லர்.

நடைமுறையில் மொழி குறுக்கே நிற்கிறது. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தால் குடியேறிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். பார்க் எக்ஸ்டென்ஷன் போன்ற பகுதிகளில் பிரெஞ்சு வாசிக்க வராத தமிழ்ப் பெற்றோர் உண்டு. ஆசிரியர் 'அஜெண்டா' எனும் மாணவர் குறிப்பேட்டில் எழுதி அனுப்பும் குறிப்பைப் பிள்ளையே வாசித்துச் சொல்ல நேர்கிறது. தன் சிரமத்தைத் தானே மொழிபெயர்க்கும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் தள்ளக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம். நம்பிக்கையான ஒருவரைக் கூட்டத்துக்கு உடன் அழைத்தும் செல்லலாம்.

புரியாமல் தலையாட்டுவதன் விலை பெரிது. தேர்வில் கூடுதல் நேரம், பாடத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் போன்றவை 'அடாப்டாசியோன்' வகை. இவற்றால் பிள்ளை எட்ட வேண்டிய தரம் மாறாது. 'மோடிஃபிகாசியோன்' அப்படியல்ல. அதில் வகுப்புத் தோழர்களுக்கு உள்ளதைவிடக் குறைந்த தரம் வைத்தே பிள்ளை மதிப்பிடப்படும். அது தொடர்ந்தால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதே கடினமாகலாம். சில பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தமான வழி. ஆனால் எந்தப் பாடத்தில், எவ்வளவு காலத்துக்கு, பிற்பாடு என்ன விளைவு என்று கேட்டறிந்த பிறகே பெற்றோர் கையெழுத்திட வேண்டும். திட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வைப்பது அவசியம்.

திட்டத்தில் எழுதிய உதவி கிடைக்காவிட்டால் முதலில் சம்பந்தப்பட்டவரிடமோ அவரது மேலாளரிடமோ முறையிட வேண்டும். பதிலுக்கு 10 வேலைநாட்கள். அடுத்த படி, பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிச் சேவை மையத்தின் முறைப்பாட்டுப் பொறுப்பாளர். அவருக்கு 15 வேலைநாட்கள். அதன்பின் வட்டார மாணவர் குறைகேள் அதிகாரி 20 வேலைநாட்களில் ஆராய்ந்து முடிவு சொல்வார். 2023 ஆகஸ்ட் 28 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. இயலாமை காரணமாகப் பாகுபாடு நடந்தால் கியூபெக் மனித உரிமை ஆணையத்திடமும் முறையிடலாம்.

ஒவ்வொரு சேவை மையத்திலும் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பதும், அதில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்த இருக்கைகளுக்குத் தமிழ்ப் பெற்றோரும் முன்வர வேண்டும்.