3600 பெரிதா, 2000 பெரிதா?

எலெக்ட்ரிக்கல் கடையில் ரீசார்ஜ் பேட்டரி கேட்டால் இப்போது இரண்டு வகை எடுத்து வைக்கிறார்கள். ஒன்றின் பட்டையில் 3600 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அது லித்தியம். இன்னொன்றில் 2000, அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, சுருக்கமாக நிக்கல் பேட்டரி. இரண்டும் அதே பென்சில் பேட்டரி அளவுதான். எண்ணை மட்டும் பார்த்தால் லித்தியம் கிட்டத்தட்ட இருமடங்கு நேரம் ஓடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். விலையும் கூடுதல் என்பதால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படும்.

ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே கணக்கில் வந்தவை அல்ல. 3600-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது மில்லிவாட்-மணி, அதாவது மொத்த ஆற்றல். 2000-க்குப் பக்கத்தில் இருப்பது மில்லிஆம்பியர்-மணி. அதை வோல்டேஜால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். பெருக்கினால் 2400. ஆக, 3600-ஐ ஒப்பிட வேண்டியது 2400-உடன். வித்தியாசம் ஒன்றரை மடங்கு. அதுவும் முழுசாகக் கைக்கு வராது.

லித்தியம் அயன் செல்லின் இயல்பான வோல்டேஜ் 3.7, முழு சார்ஜில் 4.2. 1.5 வோல்ட்டுக்காகச் செய்த கருவியில் அதை நேரடியாகப் போட்டால் கருவி கருகிவிடக்கூடும். அதனால் பேட்டரி உறைக்குள்ளேயே விரல்நுனி அளவு சர்க்யூட் போர்டு ஒன்றை வைத்து, வோல்டேஜை 1.5-க்கு இறக்கி வெளியே விடுகிறார்கள். இறக்குகிற வேலையில் கொஞ்சம் ஆற்றல் சூடாக வீணாகிறது. இந்த வகை பேட்டரியின் நல்லதும் கெட்டதும் எல்லாம் அந்தக் குட்டி போர்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் நல்லது. சாதாரண ஆல்கலைன் பேட்டரி 1.5-இல் தொடங்கி, தீரத் தீர 0.9 வரை சரிந்துகொண்டே வரும். லித்தியம் கடைசி வரை 1.5-இல் அசையாமல் நிற்கும். இதன் அருமை வீட்டில் வைத்திருக்கும் ரத்த அழுத்தக் கருவியில் தெரியும். பெரும்பாலும் நான்கு பேட்டரி, மொத்தம் 6 வோல்ட். கையில் சுற்றிய பட்டைக்குள் காற்றடிக்கும் மோட்டார், ஓடும் அந்த அரை நிமிடத்தில் மின்சாரத்தை வாரி இழுக்கும். பாதி தீர்ந்த ஆல்கலைனில் மோட்டாரின் சத்தம் இழுவையாகும்; பட்டை மெல்ல உப்பும்; நடுவில் பேட்டரி படம் மினுக்கி அளவீடு நின்றுபோகும். நான்கு நிக்கல் சேர்ந்தால் 4.8 வோல்ட் என்பதால் சில கருவிகள் முழு சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துவிட்டதாகச் சொல்லும். லித்தியத்தில் இந்தத் தொல்லை இல்லை. கருவியின் கையேடு தடுக்காத பட்சத்தில், தினமும் அழுத்தம் பார்க்கும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு லித்தியம் கொடுத்த காசுக்குத் தகும்.

இதை வைத்து, 1.2 வோல்ட் எதற்குமே போதாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆல்கலைனும் தன் ஆயுளில் பெரும்பகுதியை 1.3-க்குக் கீழேதான் கழிக்கிறது. அதையும் கணக்கில் வைத்தே கருவிகளைச் செய்கிறார்கள். அதனால் பெரும்பாலானவை நிக்கலில் ஒழுங்காக வேலை செய்கின்றன.

இப்போது பிள்ளைகளின் பொம்மை காருக்கு வருவோம். லித்தியம் போட்டதும் கார் பறக்கும். பார்க்கிறவருக்கு அதுவே பெரிய பேட்டரி என்று தோன்றும். ஆனால் எளிய மோட்டாரும் பல்பும் கிடைக்கிற வோல்டேஜுக்கு ஏற்ப இழுப்பவை. வோல்டேஜ் 1.2-இலிருந்து 1.5 ஆனால், ஒரே மின்தடையில் நொடிக்குச் செலவாகும் ஆற்றல் 1.56 மடங்காகிறது. 3600-ஐ 1.56-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 2300. நிக்கலின் 2400-ஐவிடச் சற்றுக் குறைவு! அதாவது கார் வேகமாக ஓடும், ஆனால் நேரம் ஏறக்குறைய அதேதான். வயர்லெஸ் மவுஸ் போல, உள்ளேயே வோல்டேஜைச் சீராக்கிக்கொள்ளும் கருவிகளில்தான் லித்தியம் உண்மையிலேயே கூடுதல் நேரம் தருகிறது.

சுவர்க் கடிகாரத்துக்கு லித்தியம் வேண்டவே வேண்டாம். கடிகாரம் இழுப்பது துளி மின்சாரம். குட்டி போர்டோ கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் விழித்தே இருக்கும். தன் பங்குக்கு மின்சாரம் தின்னும். கடிகாரம் தின்பதற்கு இணையாக போர்டும் தின்றால் மாதக்கணக்கில் என்ன மிஞ்சும்? டிவி ரிமோட்டுக்கும் இதே கதைதான். இவற்றுக்குச் சாதாரண பேட்டரியே போதும். கசிகிறதா என்று அவ்வப்போது மூடியைத் திறந்து பார்த்தால் சரி.

வானொலி கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வோல்டேஜை இறக்கும் அந்த போர்டு நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. அதில் கிளம்பும் இரைச்சல் மத்திய அலையிலும் சிற்றலையிலும் கரகரவென்று கேட்கும். தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் சிற்றலை நேயர்கள் நிக்கலைவிட்டு அசையக் கூடாது. கேமரா ஃப்ளாஷ் வைத்திருப்போருக்கும் அதுவே என் யோசனை. ஃப்ளாஷ் ஒவ்வொரு மின்னலுக்குப் பிறகும் பல ஆம்பியரை ஒரே மூச்சில் கேட்கும். போர்டு தாங்கும் அளவைத் தாண்டினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடும். தாலி கட்டும் நேரத்தில் அப்படி நின்றால் அந்தப் படம் திரும்பக் கிடைக்காது.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. லித்தியத்தின் வோல்டேஜ் கடைசி வரை மாறாததால் கருவிக்குப் பேட்டரியின் உண்மை நிலை தெரியாது. முழுக்க இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று அணையும். முடியும் நேரத்தில் வோல்டேஜைக் கொஞ்சம் தாழ்த்தி எச்சரிக்கை கொடுக்கும் லித்தியம் வகைகளும் வந்திருக்கின்றன. வாங்கினால் அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதும் கதவின் டிஜிட்டல் பூட்டு, புகை எச்சரிக்கைக் கருவி இரண்டிலும் கையேடு சொல்வதை மீறி எதையும் போடாதீர்கள்.

பழைய நிக்கல் பேட்டரிகளுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: சார்ஜ் ஏற்றி வைத்தாலும் சில மாதங்களில் தானாக வடிந்துவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ கொண்டுவந்த எனலூப் பேட்டரி அந்தக் குறையை வெகுவாகத் தீர்த்துவிட்டது. இன்று அது பானாசோனிக் கையில் இருக்கிறது. அந்த வகை பேட்டரி ஓர் ஆண்டு அலமாரியில் கிடந்தாலும் சார்ஜில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

கடையில் ஏமாறாமல் இருக்கவும் எண்கள் உதவும். பென்சில் அளவு நிக்கலில் உண்மையாக எட்டக்கூடியது 2500-ஐ ஒட்டித்தான். 3500, 4000 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கையில் எடுத்து எடையும் பாருங்கள்: நல்ல நிக்கல் பேட்டரி 26 கிராம் அளவில் கனமாக இருக்கும்; லித்தியம் பெரும்பாலும் 20 கிராமைத் தாண்டாது. 14500 என்று அச்சிட்ட செல் பென்சில் பேட்டரி அளவிலேயே இருந்தாலும் பொதுவாக வோல்டேஜை இறக்கும் போர்டு இல்லாத 3.7 வோல்ட் சரக்கு. அதை ரிமோட்டிலோ பொம்மையிலோ போடவே கூடாது. லித்தியத்தை அதற்கென்று உள்ள சார்ஜரில் அல்லது அதன் மேலேயே உள்ள யுஎஸ்பி துளையில்தான் ஏற்ற வேண்டும்; நிக்கல் சார்ஜரில் செருகுவது ஆபத்து.

வீட்டுக்கு ஒரே ஒரு வகை வாங்குவதானால் நல்ல நிக்கல் நான்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் ஒன்றும் வாங்குங்கள். முழு 1.5 வோல்ட் இல்லாமல் முரண்டு பிடிக்கும் கருவி இருந்தால் மட்டும் அதற்கென்று லித்தியம். எதுவானாலும் ஆயுள் முடிந்தபின் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கும் லித்தியம் தீப்பிடிக்கக்கூடும். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. வாங்கும்போதே கடைக்காரரிடம், பழசை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள்.